ஆமென் சொல்ல ஓர் ஆள்

ஐந்தாவது மாடிப் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோதுதான், வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகம் அவனுக்கு வந்தது. கை தானாகச் சட்டைப் பையிலிருந்த போனுக்குப் போனது. அக்காவின் எண்ணை அழுத்தப் போனவன் அப்படியே நிறுத்தினான். அக்கா இரண்டு மாடி மேலே படுத்திருந்தாள். இன்றைய பொழுதைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் காலையில்தான் சொல்லியிருந்தார்.

ஆஸ்பத்திரியில் லிப்ட் இருந்தது. அவன் தொழிலே லிப்ட் பழுதுபார்ப்பதுதான். வேலை நேரத்தில் பெட்டியின் கூரை மேல் நின்றுகொண்டு போவான். அப்போது நிறுத்தும் பொத்தான் அவன் கையில் இருக்கும். ஆனால் பயணியாக உள்ளே நின்று, கதவு மூடுவதைப் பார்த்துக்கொண்டு போவது மட்டும் அவனால் முடியாது. மற்றவர்கள் செய்த வேலையை நம்பாதவன் என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்வார்கள். உண்மை அதைவிடக் கேவலம். தான் செய்த வேலையைத்தான் அவன் நம்பவில்லை.

பயங்களுக்கு அக்காதான். பல வருஷத்து ஏற்பாடு அது. வேலைக்குப் போகிற வழியில் கூப்பிட்டு, "அக்கா, அடுப்பு" என்பான். சில நாள் "அக்கா, பூட்டு." சில நாள் "அக்கா, நெஞ்சு வலிக்கிற மாதிரி." அவள் குறுக்கு விசாரணை எதுவும் செய்யமாட்டாள். "ஏசப்பா, இவன் அடுப்பு இனிமே உம்ம பொறுப்பு. இவனை நிம்மதியா வேலைக்குப் போக விடும்" என்பாள். அவன் "ஆமென்" என்பான். அவன் பங்கு அவ்வளவுதான். ஆமென் சொன்ன பிறகு அந்தப் பேச்சை அன்று எடுக்கக் கூடாது. ஒருமுறை மறுபடியும் கூப்பிட்டபோது, "கொடுத்ததைத் திருப்பிக் கேப்பியாடா? வெக்கமா இல்ல?" என்று போனை வைத்துவிட்டாள்.

ஆகவே அவன் சொந்தமாக ஜெபித்ததே கிடையாது. அதற்குத்தான் ஆள் இருந்ததே.

அறைக்குள் நுழைந்ததும் அக்கா மகள் எழுந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"மாமா, அம்மாகூட இருங்க. முகம் கழுவிட்டு டாக்டரையும் பாத்துட்டு வந்துடறேன்."

"மெதுவா வா பாப்பா."

அக்கா கண்ணைத் திறந்து அவனை ஏற இறங்கப் பார்த்தாள். குரல் தேய்ந்திருந்தது.

"படியிலயா வந்தே?"

"உடம்புக்கு நல்லதாம்."

"பாத்தாலே தெரியுது. பேயறைஞ்ச மாதிரி நிக்கறே. என்ன, அடுப்பா?"

"சேச்சே. அதெல்லாம் ஒண்ணுமில்ல."

அவள் நம்பவில்லை. ஆனால் வழக்கம்போல ஏசப்பாவைக் கூப்பிடவும் இல்லை. அவள் விரல்கள் போர்வையின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தன. அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"பயமா இருக்குடா."

அவன் சரியாகக் காதில் வாங்கினான். இருந்தும், "யாருக்கு?" என்றான்.

"பக்கத்து அறைக்காரருக்கு. எனக்குத்தான்டா."

"உனக்கா? உனக்கு ஏதுக்கா பயம்?"

"எப்பவும் உண்டு." கொஞ்சம் மூச்சு எடுத்துக்கொண்டாள். "உன் அடுப்புக்கு ஜெபம் பண்ணி போனை வச்சதும், நான் போய் என் அடுப்பைத் தொட்டுப் பாத்துட்டு வருவேன்."

"அப்போ அந்த ஜெபமெல்லாம்?"

"பயம் இல்லாதவ எதுக்குடா அத்தனை தடவை அவரைக் கூப்பிடப் போறா?"

அவனுக்கு பிடித்துக்கொண்டிருந்த கம்பி பிடுங்கிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. அவளோ கையை நீட்டினாள்.

"இன்னைக்கு நீ பண்ணு. ஆமென் நான் சொல்றேன்."

"எனக்கு வராதுக்கா. போதகரைக் கூப்பிடறேன்."

"அவர் வந்து பெரிசா ஆரம்பிப்பார். நமக்கு நேரமில்ல. வேலை முடிஞ்சா ஆபீசுக்கு என்ன சொல்லுவே? அப்படிச் சொல்லு, போதும்."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். தொண்டையைச் செருமினான்.

"ஆண்டவரே. ஏழாவது மாடி. ஒரு ஆள். எங்க அக்கா. பயப்படறா. எனக்கும் பயம்தான், ஆனா என்னுது பழைய கேஸ், உமக்கே தெரியும். அவளைக் குலுக்காம, நடுவுல நிறுத்தாம, பத்திரமா இறக்கிவிடும்..."

"மேலடா" என்றாள் அக்கா.

"என்னக்கா?"

"இறக்கச் சொல்றியே. மேல."

"மன்னிச்சுக்கும் ஆண்டவரே. மேல. மெதுவா மேல கூட்டிட்டுப் போம். கதவு திறக்கிற வரைக்கும் உள்ள விளக்கு அணையாம பாத்துக்கும்."

அவள் மூக்கால் லேசாகச் சிரித்தது கேட்டது. அதோடு முடித்திருக்கலாம். முடித்தால் அவள் ஆமென் சொல்லிவிடுவாள். சொன்ன பிறகு திருப்பிக் கேட்க முடியாது. எனவே அவன் நிறுத்தவில்லை. பாப்பாவைச் சொன்னான். செத்துப்போன அத்தானைச் சொன்னான். சின்ன வயதில் இருவரும் ஒரே குடைக்குள் பள்ளிக்கூடம் போனதைச் சொன்னான். "அடுப்பு எரிஞ்சா எரியட்டும், அதை விடும்" என்றான். சொல்ல எதுவும் மிச்சமில்லாதபோது, "இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தான்.

அவள் கை சூடாகத்தான் இருந்தது. போர்வை ஓரம் பாதி மடிப்பில் நின்றிருந்தது.

அக்கா மகள் டாக்டரோடு உள்ளே வந்தபோதும் அவன் கண்ணைத் திறக்கவில்லை. யாரோ அவன் தோளைத் தொட்டார்கள். ஆமென் வரவில்லை. அதை அவனும் சொல்லவில்லை. இன்று அது அவனுடைய வேலை இல்லை.

மத்தியானம் சக்கரக் கட்டிலோடு ஓர் ஊழியர் வந்தார். வெள்ளைத் துணி போர்த்திய அக்காவை லிப்ட் வாசல்வரை தள்ளிக்கொண்டு போனார்கள்.

"நீங்க படியில வாங்க மாமா. அம்மாகூட நான் போறேன்" என்றாள் அக்கா மகள்.

கதவு திறந்தது. அவன் அவளுக்கு முன்னால் உள்ளே போய், கட்டிலின் தலைமாட்டில் சுவரோடு ஒட்டி நின்றான். கதவு மூடியது. பெட்டி நகரத் தொடங்கியதும் ஒரு பக்கமிருந்து கிறீச்சென்று சத்தம். அக்கா மகள் அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"என்ன மாமா அது? நின்னுடுமா?"

எதனாலெல்லாம் நிற்கும் என்று அவனைப்போலச் சொல்ல அந்தக் கட்டடத்தில் வேறு ஆள் கிடையாது.

"எண்ணெய் போடணும், அவ்வளவுதான்" என்றான். அவள் பிடி தளரவில்லை. அவன் துணிக்கு மேலாக அக்காவின் தோளில் கை வைத்தான்.

"ஆண்டவரே. தரைத் தளம். உள்ள மூணு பேர்." கொஞ்சம் தடுமாறினான். "நாலு பேர். மெதுவா இறக்கிவிடும்."

எண்கள் குறைவதையே பார்த்துக்கொண்டிருந்த ஊழியர்தான் "ஆமென்" என்றார்.

கீழே கதவு திறந்தது. அவன் முதலில் வெளியே வந்து, வேலைப் பழக்கத்தில் கதவின் விளிம்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டான். கட்டில் போனது. அக்கா மகள் போனாள். பெட்டி காலியான பிறகும், இன்னும் ஓர் ஆள் இறங்க வேண்டியிருப்பதுபோல, அவன் கையை எடுக்கவில்லை. கதவு மூட வந்தது, கையில் பட்டுத் திரும்பிப் போனது. மறுபடியும் வந்தது.