சேதி போய்ச் சேர்ந்த நேரம்

அரூர் நூலகத்தின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மேனகா சார்பியல் பற்றிப் பேசினாள். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. கேட்க வந்தவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள்.

பலகையில் ஒரு டவுன் பஸ்ஸை வரைந்தாள். முன்படி, பின்படி, சரியாக நடுவில் ஒரு விளக்கு.

விளக்கைப் போட்டால் ஒளி இரண்டு பக்கமும் கிளம்பும். பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு அது இரண்டு படிகளையும் ஒரே நேரத்தில் தொடும். ரோட்டோரம் நிற்பவர் காண்பது வேறு. பஸ் ஓடுகிறது. பின்படி ஒளியை எதிர்கொண்டு வருகிறது. முன்படி ஒளிக்கு முன்னால் விலகிப் போகிறது. உள்ளிருந்து பந்தை எறிந்தால் பஸ்ஸின் வேகமும் பந்தோடு சேரும். ஒளியோடு எதுவும் சேராது. யார் அளந்தாலும் அதன் வேகம் ஒன்றுதான். அதனால் ரோட்டில் நிற்பவருக்கு ஒளி முதலில் பின்படியைத் தொடும், பிறகுதான் முன்படியை.

இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டாள். இரண்டுமே சரி என்றாள். உலகம் முழுமைக்கும் பொதுவாக ஓர் 'இப்போது' கிடையாது.

தான் வேலை பார்த்த காலத்தில் நடு விளக்கு எரிந்த பஸ் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்றார் ஒரு பழைய கண்டக்டர். சிரித்தார்கள்.

கடைசி வரிசையில் அவள் தம்பி திருமால் உட்கார்ந்திருந்தான். அவள் பேசுவதைக் கேட்க அவன் வந்தது இதுவே முதல் தடவை. எழுந்து நின்றான்.

"அப்ப ரெண்டு எடத்துல ரெண்டு காரியம் நடந்தா, எது மொதல்லன்னு ஒருத்தராலயும் சொல்ல முடியாது. அப்படித்தானக்கா?"

மேனகா சாக்பீஸைக் கீழே வைத்தாள். அப்படித்தான் என்றாள்.

அது பாதி. மீதிப் பாதியை வழக்கமாக அடுத்த படத்தில் சொல்வாள். முதல் நிகழ்ச்சியிலிருந்து கிளம்பும் ஒளி, இரண்டாவது நடப்பதற்குள் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுமானால், முன்பின் மாறாது. எவ்வளவு வேகத்தில் போகிறவருக்கும் மாறாது. தருமபுரியிலிருந்து அரூருக்கு ஒளி வர, கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். மனிதர்களின் காரியங்களில் அவ்வளவு சின்ன இடைவெளி வருவதில்லை. அன்று அந்தப் படத்தை அவள் வரையவில்லை. நேரமாகிவிட்டது என்று முடித்துக்கொண்டாள்.

தொற்று வந்த ஆண்டில் அப்பா தருமபுரியில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். திருமால் வாசல் கேட்டில் காவல் இருந்தான். அம்மா சின்னம்மாள் அரூரில், மேனகா வீட்டில், ஆக்ஸிஜன் சிலிண்டரோடு இருந்தாள். இருவரும் ஒரே விடியலில் போனார்கள். யார் முதலில் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்கிற காலமாக அது இல்லை.

இப்போது கேட்டார்கள். திருமாலின் மகள் கலைமதிக்குத் தையில் கல்யாணம். கல்யாணத்துக்கு முன் பூவாடைக்காரியைக் கூப்பிட வேண்டும். புருஷன் இருக்கும்போதே பூவோடும் பொட்டோடும் போன பெண்ணைக் கிணற்றடியில் பம்பை அடித்துக் கூப்பிட்டு, கரகத்தில் வீட்டுக்கு அழைத்து வருவார்கள். புதுச்சேலை வைத்துக் கும்பிடுவார்கள். அவள் வாழ்த்தாமல் பெண்ணை அனுப்புவதில்லை. தாலி அறுத்தவளைக் கூப்பிடுவதும் இல்லை. திருமாலுக்கு அம்மாதான் வர வேண்டும். யார் முதலில் போனது என்று தெரியாமல் அப்பாவின் தம்பி குப்புராஜ் தலையாட்டவில்லை.

கல்யாணப் பேச்சு தொடங்கியதிலிருந்து அம்மா வந்துகொண்டிருந்தாள்.

பொழுது சாயும்போது வருவாள். மேனகா வீட்டுப் பின்வாசலுக்கு வெளியே, துவைக்கிற கல்லருகில் நிற்பாள். கோபம் இல்லை. அழுகை இல்லை. உள்ளே வருவதும் இல்லை. மேனகா பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். திரும்பிப் பார்த்தால் நிற்பாள். மறுபடி பார்த்தாலும் நிற்பாள். ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பவர்கள் அப்படி நிற்பார்கள். மேனகா யாரிடமும் சொல்லவில்லை. கணவனிடம்கூட.

தீர்த்தமலை போகும் வழியில் திருமாலின் ஊர். பூவாடைக்காரியைக் கூப்பிடும் நாளில் மேனகா மதியமே போய்விட்டாள். பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பம்பைக்காரர்கள் தோலை வெயிலில் காய வைத்திருந்தார்கள். திருமால் சித்தப்பாவுக்கு பஸ்ஸையும் விளக்கையும் விளக்கி முடித்திருந்தான்.

"ஓடுற பஸ்ஸுல குந்திக்கினு பார்த்தா, செத்தவங்க வரிசை மாறிப் போவுமாடா?" என்றார் குப்புராஜ்.

"பஸ்ஸு லைட்டு வேகத்துக்குக் கிட்ட ஓடணும் சித்தப்பா."

"நம்ம தீர்த்தமல ரோட்டுலயா?"

பந்தல்காரர்கள் மேலிருந்தபடி சிரித்தார்கள். குப்புராஜ் சிரிக்கவில்லை. மேனகாவைப் பக்கத்தில் வரச் சொன்னார்.

"முன்ன பின்ன கெடக்கட்டும் பாப்பா. அத நீங்க படிச்சவங்க எப்படியோ சொல்லிக்குங்க. எனக்கு ஒண்ணு தெரியணும். அண்ணன் போன சேதி அண்ணி காதுல வுழுந்துச்சா? வுழலைன்னா அது பூவோட போன பொம்பளதான். நானே நின்னு கூப்பிடறேன். நீதான கூட இருந்த?"

திருமால் அவளைப் பார்த்தான்.

தருமபுரியிலிருந்து போன் வந்தபோது அம்மா போய்விட்டிருந்தாள் என்றுதான் அவள் அன்று எல்லோரிடமும் சொன்னது. மறுபடியும் அதையே சொன்னால் போதும். அம்மா கரகத்தில் ஏறி வீட்டுக்குள் வருவாள். பேத்தியை வாழ்த்துவாள். ஆனால் சேதிக்கும் மூச்சு நின்றதற்கும் நடுவில் ஒரு கொஞ்ச நேரம் இருந்தது. அம்மா விதவையாக உயிரோடு இருந்த நேரம். கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட இருந்தது மேனகா மட்டும். அவளும் இல்லையென்று சொல்லிவிட்டால் அம்மா அந்த நேரத்தில் இருந்ததே இல்லை என்றாகும்.

"வுழுந்துச்சு சித்தப்பா," என்றாள். "அப்பா போயிட்டாரான்னு போன்ல நான்தான் சத்தமாக் கேட்டுட்டேன். அம்மா முழிச்சிருந்துச்சு. அதுக்கப்புறந்தான் போச்சு."

குப்புராஜ் துண்டை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். எழுந்து பம்பைக்காரரிடம் போய்க் குள்ளம்மாள் பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். குள்ளம்மாள் அவருடைய பாட்டனின் மூத்த தாரம், பாட்டன் இருக்கும்போதே போனவள். அவளைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இப்போது உயிரோடு இல்லை. தட்டில் இருந்தது அம்மாவுக்குப் பிடித்த நிறம் என்று திருமால் தேடி எடுத்த சேலை. அதே சேலை குள்ளம்மாளுக்கு ஆயிற்று.

பொழுது சாய்ந்தது. எல்லோரும் கிணற்றடிக்குப் போனார்கள். மேனகா வீட்டின் பின்பக்கம் ஒதுங்கி நின்றாள். திருமால் அங்கே வந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்க்கா," என்றான்.

எது என்று கேட்டாள்.

"அம்மா முழிச்சிருந்தது. போன்ல எனக்குக் கேட்டுச்சு. 'எப்போ'ன்னு கேட்டுச்சு அம்மா."

மேனகா படியில் உட்கார்ந்தாள். அந்தச் சொல்லைக் கேட்டது தான் மட்டும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். பேசாதம்மா, மூச்சு வாங்கும் என்றுதான் அவள் அன்று பதில் சொன்னது. அம்மா மறுபடி கேட்கவில்லை.

தெரிந்திருந்தும் ஏன் அந்தக் கூட்டத்துக்கு வந்தான், பஸ் கதையைத் தூக்கிக்கொண்டு ஏன் அலைந்தான் என்று கேட்டாள்.

"யாராலயும் சொல்ல முடியாதுன்னு நீ சொன்ன பாரு. அது நெசமா இருந்தா அந்த 'எப்போ' எனக்கும் வுட்டுப்போவும்னு நெனச்சேன்."

கிணற்றடியில் பம்பை தொடங்கியது. மேனகா அவன் பக்கம் திரும்பினாள்.

"இப்பவாவது சொல்லு. அப்பா எப்போ போனாரு?"

திருமால் சுவரில் சாய்ந்தான். பிறகு சொன்னான். அவனை உள்ளே விடவில்லை. விடியும்போது யாரோ வந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தபோது அப்பா சில்லிட்டுக் கிடந்தார். சீட்டில் ஒரு நேரம் எழுதிக் கொடுத்தார்கள். அது வந்து பார்த்தவர்கள் பார்த்த நேரம். ராத்திரி கேட்டுக்குச் சொல்லி அனுப்பியது, தண்ணி குடித்தார், தூங்குகிறார் என்பது. அதற்கும் விடியலுக்கும் நடுவில் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

"பக்கத்துல யாரும் இல்லக்கா."

அப்பா முதலில், அம்மா பிறகு. அதை எந்த வேகமும் மாற்றாது. அம்மா கேட்டது அதை அல்ல. அவள் கேட்டதற்கு இந்த உலகத்தில் யாரிடமும் பதில் இல்லை.

திருமால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் பார்த்த இடத்தில்தான் அம்மா நின்றிருந்தாள்.

"ஒனக்கும் வருதா?" என்றான் மெதுவாக.

"ஆமா."

"எந்நேரத்துக்கு?"

"பொழுது சாயறப்ப."

"இங்கயும் அப்பதான்."

பம்பையின் வேகம் ஏறியது. கிணற்றடியில் குலவைச் சத்தம் எழுந்தது. குள்ளம்மாள் வந்துவிட்டாள்.

அம்மா தொட்டியருகில் நின்றாள். மேனகாவைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தாள்.

நீ சொல்லு என்றான் திருமால். நீதானே அங்கே இருந்தாய் என்றாள் மேனகா. பிறகு திருமால் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரடி முன்னால் போனான்.

"தெரியலம்மா," என்றான்.

அவள் நகரவில்லை. முன்வாசல் வழியாகக் குள்ளம்மாளை வீட்டுக்குள் அழைத்து வந்தார்கள்.