பூச்சியத்தில் நின்ற நான்கு டயர்கள்

மூன்றாவது முறையாக வண்டி சறுக்கியபோது அவளுக்குப் பயம் வரவில்லை, கோபம் வந்தது. பயப்பட வேண்டியதை எல்லாம் முதல் இரண்டு முறையிலேயே பயந்து முடித்திருந்தாள்.

காலை எட்டரை மணி. மழை என்று சொல்வதற்கே கூச்சப்பட வேண்டிய தூறல். மேம்பாலத்திலிருந்து இறங்கித் திரும்பும் வளைவில் ஒரு பால் வண்டி நின்றிருந்தது. அவள் நிதானமாகத்தான் வந்தாள். நிதானமாகத்தான் பிரேக்கை மிதித்தாள். காலுக்கடியில் அது கடகடவென்று அதிர்ந்ததே ஒழிய, வண்டி நிற்பதாக இல்லை. ஈரத் தரையில் தள்ளிவிட்ட சோப்பைப் போல அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போய், நடைபாதை விளிம்பில் ஏறி, பால் வண்டிக்கு ஒரு சாண் முன்னதாக நின்றது.

பின்னிருக்கையில் பத்து வயது மகள் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தண்ணீர் பாட்டில் முன்னே உருண்டு வந்தது.

"அம்மா, மறுபடியும் தப்பா மிதிச்சுட்டியா?" என்று கேட்டாள் மகள்.

அந்த 'மறுபடியும்' அவளைச் சுருக்கென்று குத்தியது. அது குழந்தையின் சொல் அன்று. குழந்தையின் தகப்பனாருடைய சொல்.

அவள் இயன்முறை மருத்துவர். பக்கவாதத்தில் விழுந்தவர்களையும் இடுப்பு எலும்பு முறிந்தவர்களையும் அவரவர் வீட்டுக்கே சென்று நடக்கப் பழக்குவது அவளுடைய தொழில். ஒரு நாளில் ஐந்து வீடுகள் ஏறி இறங்குவாள். 'உங்க காலை நம்புங்க' என்று அவள் ஒரு நாளைக்கு ஐம்பது முறையாவது சொல்வாள். ஊரார் கால்களை எல்லாம் நிற்க வைப்பவளுக்குத் தன் காலை நம்ப முடியாமல் போனது, இந்தப் புது வண்டி வீட்டுக்கு வந்த மூன்று மாதங்களில்தான்.

அவளுடைய கணவர் கார்த் தொழிற்சாலையில் சக்கரப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்ப்பவர். டயரையும் சக்கரத்தையும் பொருத்தி, சுழலவிட்டு, எந்தப் பக்கம் பாரம் சாய்கிறது என்று பார்த்து, அதற்கு ஈடாகச் சின்ன எடைக்கட்டிகளை ஒட்டி, வண்டியில் மாட்டுவது அவர் பொறுப்பு. தொழிலாளர் ஒதுக்கீட்டில் பெயரைப் பதிந்துவிட்டு மூன்றரை ஆண்டுகள் காத்திருந்து வாங்கிய வண்டி இது. அவரோ வேலைக்குக் கம்பெனி பேருந்தில் போய் வருபவர். வண்டியைத் தினமும் ஓட்டுவது அவள்தான்.

முதல் முறை சறுக்கியபோது, "உன் கால் பழசு, வண்டி புதுசு. பழகணும்" என்றார். இரண்டாம் முறைக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஒரு வெற்று மைதானத்துக்கு அழைத்துப் போய் நாற்பது தடவை பிரேக் போட வைத்தார். மகள் ஓரமாக நின்று எண்ணினாள். கொளுத்தும் வெயில், காய்ந்த தரை. நாற்பது தடவையும் வண்டி சமர்த்தாக நின்றது. "பாத்தியா, சொல்லிக்கொடுத்தா வருதே" என்று அவர் கைதட்டினார். அவளும், வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், அன்று அவருக்கு நன்றி கூறினாள்.

அந்த நன்றியை இப்போது திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மாலையில் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அவள் சொன்னாள்: "இன்னிக்கும் சறுக்குச்சு. டயரை மாத்தணும்."

அவர் சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டியபடி, திரும்பாமலே சிரித்தார். "மூணு மாச வண்டிக்கு டயர் மாத்துறதா? கல்யாணத்துக்கு மறுநாளே மாப்பிள்ளைக்குப் பல் செட் கட்டுன கதையா இருக்கு."

"பல்லு ஆடுனா மறுநாள் என்ன, மேடையிலயே கட்டணும்."

"டயர் ஆடலம்மா. ஓட்டுறவங்க கால்தான் ஆடுது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"அந்தக் கூடத்துல நீங்க மழையில ஒருநாள் ஆடிக் காட்டுங்களேன். பஸ்ல ஜன்னலோரம் உக்காந்துகிட்டு வியாக்கியானம் பண்ண யாரால முடியாது?"

"எனக்கும் டயருக்கும் இருபத்திரண்டு வருஷப் பழக்கம்."

"எனக்கும் உங்களுக்கும் பதிமூணு வருஷப் பழக்கம். ஆனா நான் சொன்னா உங்க காதுல ஏறல. சரி, விடுங்க. கடையில காட்டிட்டு வர்றேன், அவங்க பார்த்துச் சொல்லட்டும்."

அப்போதுதான் அவர் திரும்பினார். முகத்தில் கிண்டல் இல்லை. "கடைக்கெல்லாம் போகாத. விக்கிறதுக்குன்னே கடை போட்டு உக்காந்திருக்கிறவங்க நல்ல டயரையும் சொத்தைன்னுதான் சொல்வாங்க. அந்த நாலையும் நான் என் கையால மாட்டினேன்."

"உங்க கையை யாருங்க குறை சொன்னா? டயரைத்தானே சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் அவர்.

சாப்பாட்டு மேசையில் மகள் தட்டைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, மழை நாள்ல மட்டும் நான் ஸ்கூல் பஸ்ல போகட்டுமா?"

"போயேன்" என்றார் அவர், மகளையும் பார்க்காமல், மனைவியையும் பார்க்காமல்.

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். தான் பெற்ற பிள்ளைக்கே தன்மேல் நம்பிக்கை இல்லாமல் போயிற்று. அதைவிட ஒரு தாய்க்கு வேறென்ன அவமானம் வேண்டும்?

மறுநாள் இரண்டாவது வீட்டுப் பயிற்சி முடிந்ததும் அவள் நேரே டயர் கடைக்குப் போனாள். கடையை நடத்துபவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. ஆண்கள் அணியும் நீலச் சட்டையைப் புடவைக்கு மேலே மாட்டியிருந்தார். கழுத்தில் சங்கிலி போலக் காற்று அளக்கும் கருவி தொங்கியது.

"புது வண்டிக்கு எதுக்கும்மா டயர்? வேண்டாம், போ" என்று விரட்டியவர், விஷயத்தைக் கேட்டதும் குனிந்து உட்கார்ந்தார். டயரில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். பிறகு ஓர் ஆணியை எடுத்து அழுத்தினார். ஆணி வழுக்கிக்கொண்டு போனது.

"இது ரப்பரா, கருங்கல்லா?" என்று முணுமுணுத்தார். "தரையில படுற பட்டன் எல்லாம் அப்படியே புதுசாத்தான் இருக்கு. ஆனா பட்டனுக்கு நடுவுல பாரு, முடி மாதிரி வெடிப்பு. வண்டி எடுத்து எவ்வளவு நாளாச்சு?"

"மூணு மாசம், அக்கா."

அவர் ஈரத் துணியால் டயரின் பக்கவாட்டைத் துடைத்தார். நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு எண்கள் தெரிந்தன. "முதல் ரெண்டு எண்ணு, எந்த வாரம் செஞ்சதுன்னு சொல்லும். அடுத்த ரெண்டும் வருஷம். இது பொறந்து மூணே முக்கால் வருஷம் ஆச்சு." மற்ற மூன்றையும் சுற்றி வந்து பார்த்தார். "நாலும் ஒரே வாரம். வயசுகூடப் பெரிசில்ல. நிழல்ல பத்திரமா இருந்திருந்தா இந்த வயசுக்கு இவ்வளவு இறுகாது. வெடிப்பைப் பார்த்தா, ஏதோ மோட்டார் பக்கத்துல, சூட்டுல கிடந்திருக்கு. ஈர ரோட்டுல இது எங்கம்மா பிடிக்கும்?"

"அப்ப என் கால்?"

"உன் காலுக்கு என்ன? தங்கமான கால். கூடம்தான் கோணல்."

அவள் வீட்டில் நடந்த பேச்சை அறியாமலே அந்த அம்மாள் சொன்ன வார்த்தையில் அவளுக்குக் கண் கலங்கியது. கலங்கிய வேகத்திலேயே கோபம் கொப்பளித்து எழுந்தது. "இப்பவே மாத்திடவா?" என்று அவர் கேட்டதற்கு, "தொடாதீங்க அக்கா, இதுதான் எனக்குச் சாட்சி" என்றாள். புது வண்டி என்று சொல்லிப் பழைய டயரை மாட்டி, இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்த தொழிலாளியையே ஏமாற்றிய அந்தக் கம்பெனியைச் சும்மா விடுவதா? நோயாளிகளுக்குப் பயிற்சி எழுதித் தரும் தாளிலேயே, 'மதிப்பிற்குரிய தர ஆய்வுத் துறையினருக்கு' என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதினாள். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. மரியாதைக்கு நடுவே ஒரு வசையையும் விட்டுவைக்கவில்லை.

மூன்று மணிக்கு வேலை முடியும் நேரத்தில் தொழிற்சாலை வாயிலில் போய் நின்றாள். மீண்டும் தூறத் தொடங்கியிருந்தது.

"யாரைப் பார்க்கணும்?" என்றார் காவலர்.

"தரத்தைப் பார்க்கிறவங்களை."

"அவங்க தரத்தைத் தவிர வேற யாரையும் பார்க்க மாட்டாங்களேம்மா" என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அதைக் கண்டு அவரும் நிறுத்திக்கொண்டார்.

அதற்குள் அவள் கணவர் சாப்பாட்டுப் பையுடன் வெளியே வந்தார். அவளையும் அவள் கையில் இருந்த தாளையும் பார்த்ததும் அவர் நடை தளர்ந்தது.

"மூணே முக்கால் வருஷத்து டயருங்க! நாலும்! உங்க கம்பெனி உங்களையே ஏமாத்தியிருக்கு. இன்னிக்கு இதைக் கொடுக்காம நான் நகர மாட்டேன்."

"கத்தாத. வண்டிக்குள்ள வா" என்றார் அவர். அது அதட்டலாக வரவில்லை, கெஞ்சலாக வந்தது.

கதவைச் சாத்தியதும் கண்ணாடியில் தூறல் விழும் ஓசை மட்டும் கேட்டது. அவர் கடிதத்தை வாங்கி மடியில் விரித்து இரண்டு பக்கத்தையும் படித்தார்.

"கம்பெனி ஏமாத்தல" என்றார் கடைசியில். "நான்தான் வச்சேன்."

"என்ன வச்சீங்க?"

"வண்டிக்குப் பேர் கொடுத்த வாரம். நாலு டயர் வந்துச்சு. பாரம் பார்க்கிற மிஷின்ல சுத்தி விட்டா முள்ளு பூச்சியத்துலயே நிக்குது. ஒரு எடைக்கட்டிகூட ஒட்ட வேண்டாம். ஒண்ணு அப்படி வர்றதே அபூர்வம், நாலு வந்துச்சு. நம்ம வண்டிக்குன்னு எடுத்து ஒளிச்சு வச்சேன். காத்து மிஷின் ரூமுக்குப் பின்னாடி. ஆறு மாசத்துல வண்டி வந்துடும்னாங்க, மூணரை வருஷம் ஆக்கிட்டாங்க. சனிக்கிழமை தோறும் போய்த் திருப்பி வைப்பேன், ஒரு பக்கமா அமுங்கிடக் கூடாதுன்னு. நம்ம வண்டி வந்த அன்னிக்கு அதையே மாட்டிட்டேன். தேதியைச் சரி பார்க்கிற வேலையும் என்னுதுதான். இந்த லெட்டர் உள்ள போனா, மூணாவது நிமிஷம் என் பேர் வந்துடும்."

மோட்டார் இரவும் பகலும் ஓடும் அறையின் முதுகில் சாத்தி, சாக்கைப் போர்த்தி, வாரம் தவறாமல் திருப்பித் திருப்பிச் சூடு காட்டிய அன்பு அது. இன்னொரு நாளாயிருந்தால் அவள் மனம் இளகியிருக்கக்கூடும்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டாள்.

அவர் கண்ணாடியில் வழியும் நீரைப் பார்த்தார்.

"முதல் தடவை சறுக்கினப்பவே தெரியுமா?"

"சந்தேகம் வந்துச்சு."

"சந்தேகம் வந்துச்சு!" அவள் குரல் கிறீச்சிட்டது. "வந்த சந்தேகத்தை மடியில கட்டிக்கிட்டு என் கால்னு சொன்னீங்க. காஞ்ச மைதானத்துல நாற்பது தடவை மிதிக்க விட்டீங்க. அதைப் பிள்ளையை வச்சு எண்ண விட்டீங்க. நான் உங்களுக்கு நன்றி வேற சொன்னேன்! நேத்து ராத்திரி அவ ஸ்கூல் பஸ்ல போறேங்கிறா, போயேங்கிறீங்க. அவளை மட்டும் காப்பாத்திட்டு, நான் பால் வண்டியில மோதிச் செத்தாலும் பரவாயில்லைன்னு நினைச்சீங்களா?"

"அப்படி எல்லாம் இல்ல... சொல்ல வாய் வரல."

"கூடம் கோணல்னு சொல்ல மட்டும் நல்லா வந்துச்சே!"

அவள் கடிதத்தைப் பிடுங்கி நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்தாள், கிழிக்கவில்லை. சாவியை அவர் கையில் திணித்தாள். "டயர் கடைக்கு நீங்க ஓட்டுங்க. உங்க காலால ஓட்டுங்க."

அவர் ஓட்டினார். நத்தை தோற்கும் வேகம். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஒலிப்பானை அமுக்கி வைதுவிட்டுப் போனார்கள். மேம்பாலத்து இறக்கத்தில் வண்டி தானாக வேகம் கூட்டியது. கீழே சிவப்பு விளக்கு. அவர் மிதித்தார். அதே கடகடப்பு; அதே வழுக்கல். கோட்டைத் தாண்டி ஒரு வண்டி நீளம் போன பிறகே நின்றது. அவருடைய கைகள் ஸ்டியரிங்கை விட மறுத்தன. இப்போது யார் காலென்று கேட்க அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை, அதற்கு வேறு நேரம் வைத்திருந்தாள்.

கடையில் நட்டுகளை அவரே கழற்றினார். புது டயர்கள் ஏறிச் சுழன்றபோது, முள் அங்குமிங்கும் ஆடியது. எடைக்கட்டிகள் ஒட்ட வேண்டியிருந்தது. அதை அவர் ஏக்கத்தோடு பார்ப்பதை அவள் கண்டாள். கண்டும் அவளுக்கு இரக்கம் வரவில்லை.

"பட்டன் நல்லா இருக்கு. இந்தப் பழசை யாராவது கேட்பாங்க, எடுத்து வைக்கட்டுமா?" என்றார் கடைக்கார அம்மாள்.

"வேண்டாம்" என்றார் அவர். ரம்பத்தைக் கேட்டு வாங்கி, உட்கார்ந்து, நான்கையும் ஒவ்வொன்றாக அறுத்தார். இறுகிய ரப்பர் லேசில் விடவில்லை. வியர்த்துக் கொட்டியது. அவள் முதுகு சாயாமல் நின்று, நான்காவது டயர் முடியும்வரை பார்த்தாள்.

பிறகு சாவியை வாங்கிக்கொண்டு, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பள்ளிக்குச் சென்று, பேருந்து வரிசையில் நின்ற மகளை அழைத்துப் பின்னிருக்கையில் ஏற்றினாள். மழை இப்போது நன்றாகவே பெய்தது. மேம்பாலத்து வளைவில், வேண்டுமென்றே, அவள் பிரேக்கை மிதித்தாள். சிவப்பு விளக்குக் கோட்டுக்கு முன்னாலேயே, ஆணி அடித்தாற்போல் வண்டி நின்றது.

"அம்மா, இப்ப சரியா மிதிச்சியா?" என்றாள் மகள்.

அவள் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள். பச்சை விழுந்தது. பின்னால் ஒலிப்பான்கள் அலறின. அவள் வண்டியை எடுக்கவில்லை.

"அம்மா எப்பவும் சரியாத்தான் மிதிச்சா" என்று அவர் மடியைப் பார்த்து முணுமுணுத்தார். "அப்பா மாட்டினதுதான் தப்பு."

"பின்னாடி கேக்கலைங்க" என்றாள் அவள். "சத்தமாச் சொல்லுங்க."