ஆறாவது வரிசைக்குப் பின்னால் வெளிநாடு

அந்த சபாவில் ஆறாவது வரிசையோடு நம் நாடு முடிந்துவிடுகிறது. ஏழாவது வரிசையிலிருந்து அடுத்த நாடு. கேன்டீனும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்த நாட்டுப் பட்டாளம் ஆற்றங்கரையில் மூன்று ஊர்களைக் கொளுத்தியதால், அங்கே யாரும் வாசிக்கக் கூடாது என்று வித்வான்கள் சங்கம் தீர்மானம் போட்டது. கொளுத்தியது உண்மைதான், வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் அந்தப் பட்டாளத்துக்குத் துப்பாக்கி விற்றவர் நம் பக்கம் முதல் வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றித் தீர்மானத்தில் ஒரு வரிகூட இல்லை. மிருதங்கம் மட்டும் தனியாக ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் நடக்கும்போது யார் எந்த நாட்டில் இருக்கிறாரோ அவர் அந்த நாட்டு ரசிகர் என்று மட்டும் செயலாளர் வைகுந்தநாதன் ஒரு விதி எழுதிச் சேர்த்திருந்தார்.

மிருதங்கக்காரர் மாசிலாமணியின் அக்கா செண்பகவல்லிக்கு ஒன்பதாவது வரிசையில் இடம். வாழ்க்கைப்பட்ட நாடு அது. அவள் காது இந்த வாரத்தோடு சரி என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"இன்னைக்கு ஒருநாள் சத்தத்தை ஒன்பதாவது வரிசை வரைக்கும் விடுங்களேன்," என்று கேட்டார் மாசிலாமணி.

"கொள்கைன்னா கொள்கைதான் தம்பி. ஒரு 'தா'கூட அங்க போகப்படாது," என்றார் வைகுந்தநாதன்.

மாசிலாமணி மிருதங்கத்தின் இடந்தலையில், இடப்பக்கத் தோலில், ரவைப் பசையை ஒரு பிடி கூடுதலாக அப்பினார். கனம் கூடிய சத்தம் ஆறாவது வரிசை தாண்டாது. கச்சேரி முழுக்க, ஜதி சொல்லிக்கொண்டிருந்த அக்காவின் வாயசைவை மட்டும் பார்த்துக்கொண்டு வாசித்தார்.

தனி ஆவர்த்தனம் தொடங்கியது. வழக்கம்போல நம் நாடு மொத்தமும் எழுந்து கேன்டீனுக்குப் போயிற்று. சால்வைக்காரர் முன்னால், வைகுந்தநாதன் பின்னால். தீர்மானத்தில் வாழைப்பூ வடை வராதாம். கொள்கைவாதிகளுக்கு வயிறு மட்டும் எந்த நாட்டையும் சேர்ந்ததில்லை.

காலியாகிக் கிடந்த முதல் வரிசைக்கு அக்கா நடந்து வந்து உட்கார்ந்தாள். விரல்விட்டுத் தாளம் போட்டாள்.

"மூணாவது சுற்று இழுக்குதுடா மாசி," என்றாள்.

மாசிலாமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்.

வடை தின்று திரும்பியவர்களை எல்லைக் காவலர் ஏழாவது வரிசையில் நிறுத்தி விதியைப் படித்துக் காட்டினார். எல்லோரும் அந்த நாட்டு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். வைகுந்தநாதன் எண்ணெய்க் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"தம்பி, கொஞ்சம் பலமா."

மாசிலாமணி இன்னொரு பிடி ரவை அப்பினார்.

சத்தம் ஆறாவது வரிசை வரை வந்து, காலியாக இருந்த செயலாளரின் நாற்காலியில் உட்கார்ந்தது. சபாக்காரர் வந்து அதனிடம் டிக்கெட் வாங்கி, பாதியைக் கிழித்துக்கொண்டு போனார்.