ஒரு பக்கம் நீர், ஒரு பக்கம் நான்

கீழே வருவதில் ஒரு எழுத்துக்கூடக் கலப்படம் இல்லை. வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொல்லச் சொன்னால், ஒரு கை என்ன, இரண்டு கையையும் வைத்துச் சொல்லலாம். சந்தேகப்படுகிறவர்கள் படித்து முடித்துவிட்டு நிதானமாகச் சந்தேகப்படட்டும்.

அவளை எல்லோரும் இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கிற ஒரு பெரிய சலவைக் கூடத்தில், உருளை இஸ்திரி இயந்திரத்தின் முன்னால் நிற்பது அவள் வேலை. ஈரத் துணியை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் அட்டை மாதிரி வந்து விழும். அந்த இரைச்சலில் கத்திக் கத்தி அவளுக்கு மெதுவாகப் பேசுவதே மறந்துபோயிருந்தது. அவள் ரகசியம் சொன்னால் அடுத்த தெருவில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிட்ட மனுஷன், ஒருநாள் தானே கீழே விழுந்து முதுகெலும்பை உடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து படுக்கைதான். ஆள் நல்ல வாட்டசாட்டம். தினமும் காலையில் அவரைப் புரட்டி, முதுகு துடைத்து, விரிப்பு மாற்றிவிட்டுத்தான் அவள் வேலைக்குக் கிளம்ப வேண்டும். இந்தப் பக்கம் தூக்கினால் அந்தப் பக்கம் சரியும். அவள் சுற்றி ஓடுவதற்குள் இந்தப் பக்கம் சரிந்துவிடும். ஊருக்கெல்லாம் சுருக்கமில்லாமல் தேய்த்துக் கொடுக்கிறவள் வீட்டு விரிப்பில் ஒரே ஒரு சுருக்கம் எடுபடாமல் கிடந்து, அவர் முதுகில் புண்ணாகிவிட்டது.

புண்ணைப் பார்த்த அன்று, மதிய இடைவேளையில் அவள் நேராகச் சபைக்குப் போனாள். ஆளில்லாத கூடம். மேடைக்கு முன்னால் நின்று, இயந்திரத்துக்கு மேல் பேசுகிற அதே தொண்டையில் ஆண்டவரைப் பிடித்துக்கொண்டாள்.

“இருக்கீரா, இல்லையா? இருந்தா இறங்கி வாரும்! அவரத் தூக்கும்! முழுசாத் தூக்கச் சொல்லல. ஒரு பக்கம் நீர் தூக்கும், ஒரு பக்கம் நான் தூக்குறேன். அதுகூட முடியாதா உம்மால?”

பிறகு ஒரு பாட்டம் அழுதாள். மூக்கைச் சிந்தினாள். வேலைக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

மேடையிலிருந்த மைக்குகள் உயிரோடிருந்தது அவளுக்குத் தெரியாது. அங்கே ஆராதனை நடத்துகிற தம்பிக்குச் சபையார் வைத்த பெயர் கண்மூடி. பாட ஆரம்பித்ததும் கண்ணை மூடுவான். ஆராதனை முடிந்துதான் திறப்பான். மெட்டு எந்நேரம் வானத்திலிருந்து இறங்கும் என்று சொல்ல முடியாதாம். அதனால் பகலெல்லாம் ரெக்கார்டிங்கை ஓடவிடச் சொல்லியிருந்தான். அந்த வாரம் மெட்டுக்குப் பதிலாக இஸ்திரி அக்கா இறங்கியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விளக்குகள் மங்கின. மேடையில் புகை கிளம்பியது. கீபோர்டு முனக ஆரம்பிக்க, அதற்குள்ளிருந்து ஒரு பெண் விம்முகிற சத்தம் வந்தது. யாரோ பாவம் என்று நினைத்தாள் இஸ்திரி அக்கா. மூக்குச் சிந்துகிற சத்தம் வந்த பிறகுதான் அது தன் சொந்த மூக்கு என்று அவளுக்குப் புரிந்தது. கண்மூடி பாடினான்:

“இறங்கி வாரும்... என்னைத் தூக்கும்... மேலே மேலே... என்னைத் தூக்கும்...”

“உன்னையா?” என்றாள் அவள். கூடமே “அல்லேலூயா” என்றது.

ஆராதனை முடிந்ததும் மேடைப் படியிலேயே அவனை மடக்கினாள்.

“தம்பி, அது நான் கேட்டது.”

“ஸ்தோத்திரம் அக்கா! நீங்கதானா அது? என்ன ஒரு உடைஞ்ச இருதயம்! கேட்டதும் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.”

“புல்லரிச்சா சொறிஞ்சுக்கோ. ‘அவரத் தூக்கும்’னு கேட்டேன். நீ ஏன் ‘என்னை’னு மாத்தின?”

“எல்லாரும் பாடணும்ல அக்கா? எல்லார் வீட்லயுமா ஒருத்தர் படுத்துக் கெடக்கிறாரு?”

“என் வீட்ல கெடக்கிறாரே. அந்த ‘ஒரு பக்கம் நீர், ஒரு பக்கம் நான்’ எங்க போச்சு?”

“அது தாளத்துல உக்காரல. ஆனா அந்த அழுகை இருக்கு பாருங்க, அதுல கை வைக்கவே இல்ல. அப்படியே பச்சையா வெச்சிருக்கோம்.”

“அழுகைய வெச்சுக்கிட்டு ஆள வெளிய தள்ளிட்டீங்க,” என்றாள் அவள்.

அவன் கண்ணை மூடி அவளுக்காக ஒரு ஜெபம் செய்தான். திறந்து பார்த்தபோது அவள் இல்லை.

அவளுக்கு வயிறு எரிந்தது. பாட்டைத் திருடினான் என்பதல்ல காரணம். பாட்டை வைத்து அவள் என்ன செய்யப் போகிறாள்? விண்ணப்பம் அல்லவா மாறிவிட்டது! கூடம் நிறைய ஜனம், கிட்டார், ஸ்பீக்கர் எல்லாவற்றோடும் இனி வாராவாரம் தப்பான விலாசத்தை மேலே அனுப்பப்போகிறது. அவள் ஒருத்தி கத்துவது அதற்கு நடுவே எடுபடுமா? நோயில்லாத இத்தனை பேரைத் தூக்கி இறக்கவே ஆண்டவருக்குப் பொழுது சரியாகிவிட்டால், படுத்திருக்கிற மனுஷனின் மறுபக்கத்துக்கு அவர் எப்போது வந்து சேருவார்?

அடுத்த ஞாயிறு முதல் வரிசைக்குப் போனாள். பாட்டு ஆரம்பித்ததும் கையைத் தூக்கி, “நிறுத்து!” என்று கத்தினாள். மேடையில் இருக்கிறவர்கள் காதில் எல்லாம் இயர்போன். அதில் தாளக் கணக்கும் கட்டளைக் குரலும் மட்டும்தான் கேட்கும்; எதிரே உலகமே இடிந்து விழுந்தாலும் கேட்காது. டிரம்மர் பையன் அதற்கும் மேலே, கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தான். கேமராக்காரனுக்கோ, கண்ணில் நீரும் ஓங்கிய கையுமாக ஒருத்தி நிற்பது கொள்ளை அழகாகத் தெரிந்தது. அவள் முகத்தைப் பெரிய திரையில் போட்டான்.

அவள் விரலை ஆட்டி மிரட்டினாள். கூடம் முழுக்க விரல் ஆட்டியது. தலையில் அடித்துக்கொண்டாள். மூன்றாவது வரிசை மடார் மடார் என்று தலையில் அடித்துக்கொண்டது. வெறுத்துப் போய்க் கைப்பையைத் தரையில் எறிந்தாள். சபை முழுக்கக் கைப்பைகள் விழுந்தன. அவரவர் பையைக் கண்டுபிடிக்க அன்று சாயங்காலம் ஆகிவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியில் முன்பின் தெரியாத ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்கள மாதிரி ஆராதிக்க எனக்கும் வரம் வேணும்க்கா” என்று கண்ணீர் விட்டாள்.

“என் வீட்டுக்கு வா, தரேன்,” என்றாள் இஸ்திரி அக்கா. அந்தப் பெண் வரவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு அவள் முன்வரிசைக்குப் போகவில்லை. கூடத்தின் கடைசியில், மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கொழுந்தனிடம் போனாள். சபைக்கு ஒலி பார்க்கிறவன் அவள் புருஷனின் தம்பிதான்.

“உங்க அண்ணனுக்காக நான் அழுத அழுகைய வித்துட்டியேடா.”

“அண்ணி, சத்தியமா அது உங்க குரல்னே எனக்குத் தெரியாது. மூக்குச் சிந்தினதும்தான் கண்டுபிடிச்சேன்.”

“கண்டுபிடிச்சு?”

“கொஞ்சம் எதிரொலி சேத்தேன்.”

அவள் ஓங்கிய கைக்குத் தப்பக் குனிந்தவன், பதறிக்கொண்டு மேஜை மேலிருந்த ஒரு சின்ன மைக்கை நகர்த்தினான். “அண்ணி, இதுல மட்டும் இடிச்சிராதீங்க. நேரா அவங்க காதுக்குப் போகும்.”

“யாரு காதுக்கு?”

“மேடைல இருக்கிறவங்க காதுக்கு. அவன்தான் கண்ண மூடிக்கிறானே, திரைல வர்ற வரி எப்படித் தெரியும்? ஒவ்வொரு வரியா நான்தான் முன்னாடியே சொல்லிக் குடுப்பேன். நான் சொல்றத அவன் பாடுவான்.”

“என்ன சொன்னாலும் பாடுவானா?”

“ஒருதடவ, ‘வாசல மறிச்சு யாரோ கார் நிறுத்திட்டாங்க’ன்னு தெரியாம இதுல சொல்லிட்டேன். நாலு தடவ பாடிட்டான். ரெண்டு பேர் மனந்திரும்பினாங்க.”

“இத ஏன்டா எங்கிட்ட முன்னாடியே சொல்லல?” என்றாள் அவள். மைக் அவள் கையில் இருந்தது.

மேடையில் புகை கிளம்பி, ரெக்கார்டிங்கில் அவளுடைய அழுகை முடிந்து, கண்மூடி வாயைத் திறந்து காத்திருந்தான்.

“என்னையத் தூக்க வேணாம்!” என்றாள்.

“என்னைத் தூக்க வேண்டாம்...” என்று உருகினான் கண்மூடி. அவனைப் பார்த்து எப்போதோ கண்ணை மூடிவிட்ட சபை, அப்படியே திருப்பிப் பாடியது.

“எனக்கு ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு!”

சபை சந்தோஷமாகப் பாடியது. கைத்தடியோடு வந்திருந்த ஒரு பெரியவர் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பாடினார்.

“அவரத் தூக்கும். ஒரு பக்கம் நீர், ஒரு பக்கம் நான்.”

தாளத்தில் உட்காராது என்று சொன்னானே, சப்பணம் போட்டு உட்கார்ந்தது. கூரை அதிர்ந்தது. அவள் குரல் தானாகவே தணிந்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு, ஒரு மனுஷி பேசுகிற அளவுக்கு மெதுவாகப் பேசினாள்.

“முதுகெல்லாம் புண்ணு. திருப்பினா வலிக்குதுன்னு சொல்லமாட்டாரு. எனக்காகப் பல்லக் கடிச்சுக்குவாரு. அதப் பாக்க முடியல எனக்கு. வாரும்.”

அதையும் அவர்கள் பாடினார்கள். அப்போதுதான் முதல்முறையாக, அந்தக் கூடத்தில் யாரும் கையை ஆட்டவில்லை. பக்கத்தில் கொழுந்தன் பெரிதாகக் கேவினான்.

“அழாதடா, மூக்கத் தொட,” என்றாள் அவள், மைக்கை இறக்க மறந்து.

“அழாதடா... மூக்கைத் துடை...” என்று கண்மூடி உச்சத்துக்குப் போனான். சபை மூக்கைத் துடைத்துக்கொண்டே பாடியது. வழக்கம்போல அந்த வரியைத்தான் எட்டுத் தடவை பாடினார்கள்.

பாட்டு முடிந்து கண்ணைத் திறந்த கண்மூடி, “இன்னிக்கு ஆவியானவர் எனக்குப் புதுசா ஒரு பாட்டக் குடுத்தாரு,” என்றான். இஸ்திரி அக்கா மைக்கைத் தேடினாள். கொழுந்தன் அதன் மேல் உட்கார்ந்துவிட்டிருந்தான்.

மறுநாள் விடிந்ததும் அவள் புருஷனின் விரிப்பை உருவ ஆரம்பித்தபோது கதவு தட்டப்பட்டது. கூண்டிலிருந்த டிரம்மர் பையன், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றான்.

“நான் மேல இருக்கிறவரக் கூப்பிட்டேன்,” என்றாள் அவள். “டிரம்மர வரச் சொல்லல.”

“தெரியும்க்கா. ஆனா எனக்கு அந்தக் கூண்டுக்குள்ள அவன் பாட்டும் கேக்கல, சபையும் கேக்கல. உங்க குரல் மட்டும்தான் கேட்டுச்சு.” செருப்பைக் கழற்றினான். “எந்தப் பக்கம்?”

“அது என்ன, அவரால வர முடியாதாமா? ஆள் வெச்சு அனுப்புறாராமா?” என்று அவள் கூரையைப் பார்த்துக் கத்தினாள். கத்திக்கொண்டே இடது பக்கத்தைக் காட்டினாள். பையன் தாளம் எண்ணுகிற பழக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்றான். லிஃப்ட் மெக்கானிக் எந்தப் பக்கமும் சரியாமல் மேலே எழும்பினார், பல்லைக் கடிக்கவில்லை. அவள் விரிப்பை உருவிப் புதியதைப் போட்டு, உள்ளங்கையால் நீவினாள். பையன் அன்றிலிருந்து தினமும் வருகிறான். அவள் தினமும் கூரையைப் பார்த்துத் திட்டுகிறாள்.

சந்தேகப்படக் காத்திருந்தவர்கள் இனி ஆரம்பிக்கலாம்: அந்தச் சபையில் கட்டிய நாளிலிருந்து இன்றுவரை டிரம்ஸோ மைக்கோ இருந்ததில்லை; அங்கே எல்லோரும் வெறும் வாயால்தான் பாடுகிறார்கள்.