மஞ்சள் வட்டத்தில் ஓர் ஊக்கு

ஸ்டிக்கர் ஒட்டுகிறவன் கை விளங்காமல் போக என்று சபித்துவிட்டுத்தான் தினமும் காலையில் வேலையைத் தொடங்குவேன். தெருக்களைச் சுத்தமாக வைக்கக் குத்தகை எடுத்திருக்கும் கம்பெனியில் எனக்குச் சுரண்டும் வேலை. விளக்குக் கம்பம், பேருந்து நிழற்குடை, மின்பெட்டி, நடைமேம்பாலம் என்று எங்கே எது ஒட்டியிருந்தாலும் தண்ணீரைப் பீய்ச்சி, ஊறவிட்டு, தகட்டால் சுரண்டி எடுக்க வேண்டும். வாடகைக்கு அறை, வழுக்கைக்கு எண்ணெய், ஒரே மாதத்தில் ஆங்கிலம், எல்லாருக்கும் என் கம்பம்தான் கிடைத்தது. அந்த எண்ணெய்க்காரன் மட்டும் கையில் சிக்கினால் முதலில் அவன் மண்டையைத்தான் சுரண்டுவேன்.

அவர்களையாவது விட்டுத்தொலைக்கலாம். என் உயிரை வாங்கியது மஞ்சள் வட்டம் ஒன்று. உள்ளங்கை அளவுதான். நடுவில் வாய் திறந்த ஊக்கின் படம். துணி நழுவாமல் குத்திக்கொள்வோமே, அதே ஊக்கு. எழுத்து கிடையாது, ஃபோன் நம்பர் கிடையாது. என்ன விற்கிறான் என்றே சொல்லாமல் ஒருத்தன் ஊரெல்லாம் ஒட்டிவைத்தால் எரிச்சல் வராதா? அது முழுதாக உரிந்தும் வராது, நகக்கண் அளவு துண்டுகளாகப் பிய்யும். இன்றைக்கு எடுத்தால் நாளைக்கு அதே இடத்தில் இளித்துக்கொண்டு நிற்கும். "சம்பளம் வாங்குற இல்ல? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று மேஸ்திரியிடம் நான் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும்.

போதாததற்குத் தம்பி கடையிலும் அது முளைத்தது. தம்பி மார்க்கெட் முக்கில் ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அம்மா போன பிறகு நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன்.

"அக்கா, எதிர்க்கடைக்காரன் வயித்தெரிச்சல்ல ஒட்டுறான். உனக்குத்தான் கைவந்த வேலையாச்சே, கொஞ்சம் வந்து எடுத்து விடேன்" என்று கூப்பிட்டான்.

வேலை முடிந்து அலுப்போடு போய் அவன் ஷட்டரையும் சுரண்டினேன். மறுபடி வந்தது. மறுபடி சுரண்டினேன். எதிர்க்கடைக்காரரைத் தெருவே கேட்கும்படி நாலு வார்த்தை கேட்டும்விட்டேன். மனிதர் பேந்தப் பேந்த விழித்தார்.

மருந்துக்கடையில் பில் போடும் என் மகள் ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள். "அங்கயும் போய் ஏம்மா சுரண்டுற?"

"உன் மாமன் கடைடி. நாம பாக்காம வேற யாரு பாப்பாங்க?"

தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனாள். பசியில்லையாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொந்தபந்தம் என்றாலே கசக்கிறது என்று அதற்கும் திட்டித் தீர்த்தேன்.

கடைசியில் ஒட்டுகிற கையைப் பிடித்தேவிட்டேன். பேருந்து நிழற்குடைக்குப் பக்கத்தில் குனிந்து வாளியை நிரப்பிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், என் வயதுப் பெண் ஒருத்தி, லேபில் ரத்தம் எடுப்பவர்கள் போடும் வெள்ளை அங்கியோடு, மஞ்சள் வட்டத்தின் பின்தாளை உரித்துக்கொண்டிருந்தாள். பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன்.

"பாத்தா கௌரவமான பொம்பள மாதிரி இருக்க. வெக்கமா இல்ல?"

அவள் கையை உருவவில்லை. என் தகட்டைப் பார்த்தாள். "ஓ, சுரண்டுறது நீங்கதானா?" என்றாள். என்னைவிட அவளுக்குத்தான் கோபம். "நீங்க எடுத்த மறுநாள் ஒரு காலேஜ் பொண்ணு வந்து இங்க உக்காந்தா. பெஞ்சுக்குப் பின்னால தகரத்தைப் பாருங்க. அந்தச் சந்து வழியா ஒரு நாய் கைய விடும். எனக்கும் விட்டான். இந்தப் படம் இருந்தா விஷயம் தெரிஞ்சவங்க இந்தப் பக்கம் உக்கார மாட்டாங்க."

பார்த்தேன். உட்கார்ந்தால் இடுப்பு வரும் உயரத்தில் தகரம் வளைந்து, கை நுழையும் அளவுக்குச் சந்து இருந்தது. நான் தினமும் துடைக்கிற தகரம்.

அவள் நிறுத்தவில்லை. மேம்பாலத்துப் படிக்கட்டின் வளைவில் ஒட்டியிருந்ததை எடுத்தீர்களே, அங்கே ஒருத்தன் கீழே நின்று ஃபோனை மேலே நீட்டிப் படம் பிடிக்கிறான் என்றாள். ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் தையல்காரன் அளவெடுக்கிற சாக்கில் என்ன செய்வான் என்பதையும் சொன்னாள். நான் சபித்துச் சபித்துச் சுரண்டிய ஒவ்வொரு இடத்துக்கும் அவளிடம் ஒரு பெண்ணின் கதை இருந்தது.

"போலீஸ்ல சொல்லலையா?"

"சொன்னோம். கையில ஊக்கு வச்சுக்கிட்டுப் போம்மான்னு சிரிச்சாங்க. அதையே படமா அடிச்சோம். பட்டவங்க எங்ககிட்ட வந்து வாங்கிட்டுப் போய் அவங்கவங்க இடத்துல ஒட்டுவாங்க."

"மார்க்கெட் முக்குல ஒரு ஃபோன் ரிப்பேர் கடை இருக்கே..." என்றேன்.

"அந்தப் பொறுக்கியா? ரிப்பேருக்குக் குடுக்குற பொண்ணுங்களோட படத்தையெல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு, கூட்டாளிங்களுக்குக் காட்டுறான். அங்க ஒட்டுறது மருந்துக்கடையில பில் போடுற பொண்ணு. யாரோ எடுத்துட்டே இருக்காங்களாம். பாவம், அழுதுட்டே வந்து மறுபடி மறுபடி வாங்கிட்டுப் போவா."

அவள் கையை விட்டேன். வாளியைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

மகள் வேலைக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"உன் ஃபோன்லருந்தும் எடுத்தானா?" என்றேன். வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

சீப்பு தலையிலேயே நின்றது. பிறகு "ம்" என்றாள்.

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"ஸ்கிரீன் ஒடைஞ்சப்ப வேற கடையில குடுக்கிறேன்னு சொன்னேன். மாமன் இருக்கும்போது வெளியாளா உனக்குன்னு பிடுங்கிட்டுப் போய்க் குடுத்தது யாரு?" அவள் குரல் உயர்ந்தது. "மாமாவைப் பத்தி ஒரு வார்த்தை பேசினா கைய ஓங்குவ. வாயால சொல்ல முடியலம்மா. அதான் ஒட்டினேன். நீதான் வருவன்னு தெரியும், பாத்துட்டு என்னன்னு கேப்பன்னு நினைச்சேன். நீ சுரண்டிட்டு வந்து, கை வலிக்குது, தைலம் தேய்ச்சு விடுடின்னு என்கிட்டயே கைய நீட்டின."

எனக்கு அழுகை வரவில்லை. அவனை வளர்த்த கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. ஸ்கிரீன் மாற்றிய ஃபோனை வாங்கப் போனபோது அவன் கம்ப்யூட்டர் திரையில் தன் படங்கள் கிடந்ததை அந்த ஃபோனிலேயே பிடித்து வைத்திருப்பதாக மகள் சொன்னாள்.

"அதை எடுத்துக்க. செருப்ப மாட்டு. கடைக்குப் போயிட்டு நேரா ஸ்டேஷன். எவன் சிரிக்கிறான்னு நானும் பாக்குறேன்."

கடையில் தம்பி ஒரு பெண்ணின் ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டு, "பாஸ்வேர்ட் சொல்லுங்கம்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான். "வாக்கா. மறுபடி ஒட்டிட்டான் பாரு."

"சொல்லாதீங்க" என்றேன் அந்தப் பெண்ணிடம். "இவன் உங்க படத்தையெல்லாம் திருடி ஊருக்குக் காட்டுவான்."

எனக்குப் பின்னால் நின்ற மகளைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. மேசைக்கு மேல் குனிந்து கிசுகிசுத்தான். "அக்கா, உள்ள வா. வீட்டு விஷயத்தை ரோட்டுல பேசாத. நான் உன் கையால சோறு தின்னவன்."

"தின்ன இல்ல? அந்தச் சோறு செரிக்காமத்தான் என் பொண்ணு ஃபோன்லயே கைய வச்சியா?"

நான் போட்ட சத்தத்தில் தெரு நின்றது. எதிர்க்கடைக்காரர் இறங்கி வந்தார். அந்தப் பெண்ணுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. என் அழுக்கு உடுப்பை மேலும் கீழும் பார்த்தாள். "சும்மா ஒருத்தர் பொழப்பக் கெடுக்காதீங்க. நீங்க யாரு இதைச் சொல்ல?"

"இவன் கூடப் பொறந்த அக்கா" என்றேன். "ஃபோனை வாங்கிக்கோங்கம்மா."

அவள் மேசைக்கு மேல் கையை நீட்டினாள்.