தவளையின் மோதிரம்

எங்கள் தெருக் கிணறு வற்றி நாலு மாதமாகிறது. பின்பக்கம் முளைத்த ஹோட்டல்தான் உறிஞ்சிவிட்டது, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆழ்துளைக் கிணறு போட எங்கள் தெருவின் சார்பில் தலையாட்டியவன் எவன்? என் சந்தேகமெல்லாம் அதில்தான். ஹோட்டல் காவலாளியைக் குடைந்து பார்த்தேன். "உங்க ஆளு ஒருத்தர்தான் வந்து சரின்னாராம், பூ மூர். பேரெல்லாம் எனக்குத் தெரியாது" என்று நழுவிவிட்டான்.

மூர் என் பேர்; எங்கள் ஊரில் பூ என்றால் அம்மா, பாக் என்றால் ஐயா. கூடேக் என்கிற பலாக்காய்க் கூட்டு விற்பவள் நான். பலாக்காய் வேகவைக்கவும் தண்ணீர் வேண்டும், அண்டா தேய்க்கவும் வேண்டும். பள்ளிவாசல் குழாயிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து என் தோள்பட்டை கழன்றுவிட்டது. அந்த ஆள் மட்டும் கையில் கிடைக்கட்டும், அண்டாக் கரியை அவன் மூஞ்சியில் பூசாமல் விடமாட்டேன் என்று வீட்டில் தினமும் கத்துவேன்.

என் புருஷன் ஹண்டோகோ ஓவியர். பேச்சு குறைவு. சொல்ல வேண்டியதையெல்லாம் துணியில் கேலியாகப் போட்டுவிடுவார். எங்கள் யோக்யகர்த்தா நகரத்தில் அவருக்குப் பேரே அதனால்தான். ஆகஸ்ட் சுதந்திர தினத்துக்குத் தெருக்கூடத்தில் மாட்ட ஒரு படம் வரைந்தார். பாத்திக் சட்டை போட்ட தவளை ஒன்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறது. வயிறு தண்ணீர்த் தொட்டி அளவு. வாயிலிருந்து ஒரு நீளக் குழல் கிணற்றுக்குள் இறங்குகிறது. சுற்றிலும் காலி வாளியோடு நாங்கள். ஒருத்தராவது தடுக்கிறோமா? பல்லை இளித்துக்கொண்டு தவளையோடு செல்ஃபி எடுக்கிறோம்.

"யாரு மஸ் இது?" என்று அவரைக் கேட்டேன்.

"படத்தைப் பாரு."

"பார்த்துட்டேன். தவளை. பேரைச் சொல்லுங்க."

"பாருன்னேன்ல" என்று தூரிகை கழுவப் போய்விட்டார்.

தவளை விரலில் பச்சைக் கல் மோதிரம். துப்பு கிடைத்துவிட்டது என்று குதித்தேன். ஆனால் எங்கள் தெருவில் கல் மோதிரம் இல்லாத ஆம்பளை ஏது? என் அப்பாகூடக் கல்யாணத்தில் இவருக்கு ஒன்று போட்டார். எண்ணெய் பட்டால் கல் மங்கும் என்று வரைகிற நாளில் கழற்றி வைத்துவிடுவார்.

படம் மாட்டிய மறுநாளே வேடிக்கை ஆரம்பித்தது. தெருத்தலைவர் பாக் வாகிர், பச்சைக் கல்லைச் சட்டையில் தேய்த்துத் தேய்த்து மின்ன வைக்கிறவர், வெறும் விரலோடு கூடேக் வாங்க வந்தார்.

"மோதிரம் எங்க பாக்?"

"விரல் வீங்கிடுச்சு, பூ மூர். டாக்டர் கழட்டச் சொன்னாரு."

"எந்த டாக்டர்?"

"நீங்க கூடேக்ல முட்டைய வைங்க."

ஓய்வு பெற்ற குமாஸ்தா பாக் தர்சோனோ மோதிரத்தை மெருகு போடக் கொடுத்திருக்கிறாராம். இறைச்சி உருண்டை சூப் விற்கிற கிர்னோவும் கழற்றிவிட்டான். "உன் கல்லு சிவப்புதானேடா?" என்றேன். "சாயம் மாறிப் போயிருந்தா என்ன பண்றது? எதுக்கு வம்பு" என்றான்.

ஆளுக்கு ஆள் சந்தேகம். வாகிரின் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்தினாள். அவர் வீட்டு வாசலில் புது மோட்டார் சைக்கிள் வேறு நின்றது. அவரேதான் என்று முடிவு கட்டிவிட்டேன். விழா அன்று கரியை எண்ணெயில் குழைத்து, கிண்ணத்தில் எடுத்து, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். திரும்பும்போது தண்ணீர் எடுக்க வாளியும் கையில் இருந்தது.

ஹோட்டல் மேலாளர் ரெய்னால்டியும் வந்திருந்தார். விழாவுக்கு அப்பளம் அவர்கள் உபயம். படத்தைப் பார்த்ததும் கோபப்படுவார் என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மனுஷன் வயிறு குலுங்கச் சிரித்தார். தவளையோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார். பிறகு என் புருஷன் தோளில் கை போட்டார்.

"பிரமாதம் மஸ். வரவேற்பறையில அந்தச் சுவரு உங்களுக்குத்தான், பேசினபடி காலியா வச்சிருக்கேன். இதையே மாட்டிடலாம்." இவர் கையைப் பார்த்தார். "ஆமா, மோதிரம் எங்க? அன்னிக்கு வந்தப்ப போட்டிருந்தீங்களே."

இத்தனை நாளாகத் தெருவில் ஒவ்வொரு விரலாகப் பார்த்தவள், படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. கிட்டே போனேன். பச்சைக் கல்லின் குறுக்கே வெள்ளை நூல் மாதிரி ஒரு கோடு. என் அப்பா சந்தை சந்தையாகத் தேடி வாங்கிய கல்.

"மஸ்" என்றேன்.

"ஒரு சுவருக்கு ஆசைப்பட்டுட்டேன் மூர்" என்றார், தரையைப் பார்த்து. "அதான் வரைஞ்சு ஒத்துக்கிட்டேனே."

"வரைஞ்சா கிணத்துல தண்ணி ஊறிடுமா?"

பாக் தர்சோனோ பையில் கைவிட்டு மோதிரத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். கிர்னோவும் மாட்டினான். பாக் வாகிர் வீங்காத விரலில் பச்சைக் கல்லைத் திருகி ஏற்றிவிட்டு, என் முந்தானைப் பக்கம் பார்த்தார்.

"கிண்ணத்துல என்ன, பூ மூர்?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான், ஆள் மாறிப் போனதற்காக விட்டுவிட முடியுமா? கரியில் கையை முக்கி என் புருஷனின் இரண்டு கன்னத்திலும் அழுத்திப் பூசினேன். அவர் முகத்தைத் திருப்பவில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டார். மேலாளர் அதையும் படமெடுக்கப் போனைத் தூக்கினார்.

நான் வாளியை என் புருஷன் கையில் கொடுத்தேன்.

"பள்ளிவாசல் குழாய மூடறதுக்குள்ள போங்க. நாலு நடை."