இடது காது

பெனில்டா எங்கள் வீட்டு அடுப்பில் கடைசியாகக் காய்ச்சியது பசை. மரவள்ளி மாவைத் தண்ணீரில் கரைத்து, சோறு வடிக்கும் பானையிலேயே ஊற்றிக் கிண்டிக்கொண்டிருந்தாள். ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. தகரக் கூரையில் மழை தட்டிக்கொண்டிருந்தது. நான் கொண்டுவந்திருந்த தாள் கட்டை அவிழ்த்துப் பார்த்து முகம் சுளித்தாள்.

"என்ன துலோ, வழவழாத் தாளா கொண்டாந்திருக்க? இது பசையக் குடிக்காதுன்னு எத்தன தடவ சொல்றது?"

"ஞாயித்துக்கிழமை இணைப்பு. இதுதான் மிஞ்சிச்சு."

"அதிபர் மூஞ்சிய சோப்பு விளம்பரத்தால ஒட்டச் சொல்றியா?"

"அவருக்கும் கொஞ்சம் சுத்தம் வரட்டுமே."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. அந்த வருடம் அவளுக்கு எல்லாமே இருமலில்தான் முடிந்தது. கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடிப்பிடிக்காமல் கிண்டு என்று கையால் மட்டும் சைகை காட்டினாள்.

நான் அப்போது ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்துபவனாக இருந்தேன். விற்காமல் திரும்பி வரும் தாள்களைச் சுமந்து வருவதுதான் அவள் வேலையில் என் பங்கு. என் மனைவி கொடும்பாவி செய்பவள். ஜூலை நான்காவது திங்களன்று அதிபர் நாடாளுமன்றத்தில் நாட்டின் நிலையைப் பற்றிப் பேசுவார். அதே நேரத்தில் நாங்கள் காமன்வெல்த் சாலையில் கொடும்பாவியை இழுத்துப் போய் எரிப்போம். பதினோரு வருடங்களாக எங்கள் கால்வாய்க் குடியிருப்பின் கொடும்பாவியை அவள்தான் செய்தாள். பத்து எரிந்தன. ஒன்றின் துண்டைக்கூட அவள் எடுத்துவைத்ததில்லை.

அந்த வருடத்துக் கொடும்பாவிக்கு அதிபரின் முகம், முதலையின் வால். தலையில் கட்டட வேலைக்காரர்களின் மஞ்சள் தொப்பி. கால்வாயை ஒட்டிய எங்கள் நிலத்தை ஒரு கட்டுமான நிறுவனம் வாங்கிவிட்டிருந்தது, அதற்காகத்தான் அந்தத் தொப்பி. மூங்கிலும் கோழிக்கூட்டுக் கம்பி வலையும் வைத்துக் கட்டி, மேலே தாளை அடுக்கடுக்காக ஒட்டி, இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. கூரை போட்ட கூடைப்பந்து மைதானம் ஒன்றுதான் எங்களிடம் இருந்த பெரிய இடம். அங்கேதான் செய்வாள். ஜூலை முழுக்க ஆட்டக்காரர்களுக்கும் அவளுக்கும் தகராறு.

"அக்கா, அதிபரைக் கொஞ்சம் நகத்துங்க. மூணு பாயின்ட் கோட்டுலயே நிக்கிறாரு," என்பான் டென்சியோ. அவன்தான் அணித்தலைவன். வேலை இல்லாதவன், வாய் ஓயாதவன்.

"நீ பந்தைக் கூடைக்குள்ள போட்டு நான் பாத்ததே இல்ல. ஏணியையாவது ஒழுங்காப் பிடி."

அவனும் பிடிப்பான்.

இன்னொரு வழக்கமும் எங்களிடம் உண்டு. வயிற்றை மூடுவதற்கு முன் வீட்டுக்கொரு துண்டுச் சீட்டு உள்ளே போடுவோம். எது ஒழிய வேண்டுமோ அதை எழுதிப் போடுவது. ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. கொடும்பாவியோடு அதுவும் எரிந்து போகும். அந்த வருடம் சனிக்கிழமையே வயிற்றை மூடிவிட்டோம். பெனில்டா தன் சீட்டை என் மெய்ப்புத் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். நான் எட்டிப் பார்க்க, கையால் மறைத்துக்கொண்டாள்.

அந்த வாரத்தில்தான் மிஸ் இலகன் வந்திருந்தார். கட்டுமான நிறுவனத்தாரின் குடும்பம் நகரத்தின் மறுபக்கத்தில் ஒரு நவீன கலைக்கூடம் கட்டியிருந்தது. டிசம்பரில் திறப்பு. எதை வைப்பது என்று தீர்மானிக்கும் வேலை மிஸ் இலகனுடையது. சின்ன வயது, வெளிநாட்டில் படித்தவர். சேற்றில் செருப்பு மாட்டிக்கொள்ள, அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு மைதானத்துக்குள் வந்தார். கொடும்பாவியை அண்ணாந்து பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. அது நடிப்பல்ல. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

"அக்கா, இதையா எரிக்கப் போறீங்க? இந்த ஊர்ல இத மாதிரி சிற்பம் யாருமே செய்யல."

"சிற்பமா? இது கொடும்பாவி, தங்கச்சி."

"எங்களுக்குக் குடுங்க. நூறு வருஷம் பத்திரமா இருக்கும்."

"நூறு வருஷமா?" பெனில்டா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இந்த ஆளு மூஞ்சிய நூறு வருஷம் யாரு பாக்குறது?"

எல்லோரும் சிரித்தோம், மிஸ் இலகனும்தான். பிறகு பெனில்டா சிரிக்காமல் சொன்னாள். "எரியாததுக்குப் பேரு பொம்ம. நான் பொம்ம செய்யறதில்ல."

இதெல்லாம் வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பசை காய்ச்சி முடிந்ததும் மைதானத்துக்குப் போனோம். வலது காதை ஒட்டி முடித்தாள். இடது காதுக்குக் கம்பியை வளைத்தாள். டென்சியோ பிடித்திருந்த ஏணியில் மூன்றாவது படி ஏறி நின்றாள். பிறகு மெல்ல இறங்கிவிட்டாள்.

"இடது காத நாளைக்கு நீ ஒட்டிடு துலோ. எனக்கு இன்னிக்கு ஏற முடியல."

"சரி."

அன்று சாயங்காலமே மூச்சுத் திணறல் வந்தது. மூன்று சக்கர வண்டியில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். நுரையீரல் இரண்டிலும் நோய் பரவிவிட்டது என்றார் மருத்துவர். இத்தனை வருடம் என்ன வேலை செய்தாள் என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

பசை பானையிலேயே புளித்துப்போனது.

எரிக்கும் திங்களுக்கு ஐந்து நாள் இருந்தது. அவள் இல்லாத அந்தப் புதன்கிழமை, கொடும்பாவியை எரிப்பதா கலைக்கூடத்துக்குக் கொடுப்பதா என்று குடியிருப்புக் கூட்டம் நடந்தது. சங்கத் தலைவர் திபோ அண்ணன், வெல்டிங் வேலை செய்தவர், நேர்மையானவர். மைதானத்தின் நடுவில் நின்று பேசினார்.

"யோசிச்சுப் பாருங்க. நம்ம பேரு அவங்க கலைக்கூடத்துச் சுவத்துல இருக்கும். வெளிநாட்டுக்காரன்லாம் வந்து பாப்பான். இதச் செஞ்சவங்க எங்க இருக்காங்கன்னு கேப்பான். அப்புறம் நம்ம வீட்டு மேல புல்டோசர் விட அவங்களுக்கு முகம் இருக்குமா?"

"அவங்களுக்கு மூஞ்சியே இல்லண்ணே, தொப்பிதான் இருக்கு," என்றான் டென்சியோ. யாரும் சிரிக்கவில்லை.

எரிக்க வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள். சீட்டுகளெல்லாம் உள்ளே இருக்கின்றனவே, எரியாவிட்டால் என்னவாகும் என்று ஒரு கிழவி கேட்டார். மழை நின்று வெகுநேரமாகியும் பேச்சு முடியவில்லை. கடைசியில் திபோ அண்ணன் என்னைப் பார்த்தார்.

"துலோ, செஞ்சவ வீட்டுக்காரன் நீ. அவ இங்க இல்ல. நீ சொல்றதுக்கு நாங்க கட்டுப்படறோம்."

அவள் என்ன சொல்லுவாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வியாழக்கிழமை சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டவன். ஆனால் மருத்துவமனையிலிருந்து அவள் திரும்பி வரும்போது வீடு இருக்க வேண்டுமே என்றுதான் அந்த நேரத்தில் என் புத்தி ஓடியது. அந்த அடுப்பு, அந்தக் கதவு நிலை, சாய்ந்துகொள்ள அவளுக்கு ஓர் இடம். கலைக்கூடத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று கையைத் தூக்கினேன்.

சனிக்கிழமை லாரி வந்தது. வெள்ளைக் கையுறை போட்ட நான்கு பேர் அதிபரைப் போர்வையில் சுற்றி ஏற்றினார்கள். எங்கள் குடியிருப்பிலிருந்து எதையும் யாரும் அவ்வளவு மெதுவாகத் தூக்கி நான் பார்த்ததில்லை. காதைப் பற்றிய நினைவு லாரி போன பிறகுதான் எனக்கு வந்தது.

திங்கட்கிழமை எங்கள் ஆட்கள் வெறும் பதாகையோடு காமன்வெல்த் சாலைக்குப் போனார்கள். நான் மருத்துவமனையில் இருந்தேன். இரண்டு பேருக்கு ஒரு கட்டில். அவள் காலடியில் வேறொரு பெண் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்கு மேல் பெனில்டா கண்ணைத் திறந்தாள். மூக்குக் குழாயைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு கேட்டாள்.

"எரிஞ்சுச்சா?"

மணி நான்கரை. வழக்கமாக அந்த நேரத்தில் சாம்பலாகியிருக்கும்.

"எரிஞ்சுச்சு," என்றேன்.

"மழை சத்தம் கேட்டுச்சே."

"மொதல்ல பிடிக்கல. டென்சியோ ரெண்டு தடவ மண்ணெண்ணெய் ஊத்துனானாம். அப்புறம் வால்லேருந்து பிடிச்சுச்சாம்."

"வால்லேருந்தா?" அவள் முகம் மலர்ந்தது. "பாத்தியா, வாலுக்குக் காஞ்ச மூங்கிலா பாத்துப் போட்டேன். தொப்பி?"

"தொப்பி கடைசில. உருகித் தாடில வழிஞ்சுச்சாம். சனங்க கைதட்டுனாங்களாம்."

"தாடியா? அதிபருக்கு ஏது தாடி?"

"தாடையச் சொன்னேன்."

"பொய் சொல்றப்போ நீ வார்த்தைய மாத்திப் போடுவ," என்றாள். ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வேடிக்கைக்குத்தான் சொன்னாள் என்று நம்பிக்கொண்டேன். சற்று நேரம் மூச்சை வாங்கிக்கொண்டு, பிறகு கேட்டாள்.

"காது ஒட்டுனியா?"

"ஒட்டினேன்."

"எந்தத் தாளு?"

"பழைய தாளுதான். வழவழா இல்ல."

"ம்," என்று கண்ணை மூடிக்கொண்டாள். புதன்கிழமை விடியும்போது போய்விட்டாள். இடையில் பேசியதெல்லாம் தண்ணீர் வேண்டும், விசிறு, பக்கத்துப் பெண்ணுக்குப் போர்வை போடு, அவ்வளவுதான்.

அந்த மைதானத்திலேயே, கொடும்பாவி நின்ற இடத்திலேயே சவப்பெட்டியை வைத்து, எங்கள் வழக்கப்படி ஏழு நாள் இரவும் பகலும் விழித்திருந்தோம். ஆட்டக்காரர்கள் பந்தைத் தொடவில்லை. சீட்டாட்டம் நடந்தது, காபியும் பிஸ்கட்டும் போயின. கலைக்கூடத்திலிருந்து ஆளுயர மலர்வளையம் வந்தது. நாடாவில் நிறுவனத்தின் பெயர் பெரிதாகவும் பெனில்டாவின் பெயர் சிறிதாகவும் இருந்தன. மிஸ் இலகன் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா போயிட்டாங்க, ஆனா அவங்க செஞ்சது இருக்கும் அண்ணே."

நான் தலையசைத்தேன்.

பிப்ரவரியில் புல்டோசர் வந்தது. திபோ அண்ணன் கலைக்கூடத்தின் திறப்பு விழா மலரைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார். எங்கள் பெயர் அச்சாகியிருந்த பக்கத்தை அதிகாரியிடம் விரித்துக் காட்டினார். அதிகாரி பொறுமையாகவே படித்தார்.

"நல்லா இருக்குய்யா. உங்க நினைவையெல்லாம் பத்திரமாப் பாதுகாக்கிறோம்னு போட்டிருக்காங்களே. அப்புறம் என்ன கவலை?"

திபோ அண்ணன் திரும்பி என்னிடம் வந்து அந்த மலரைக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் என்னோடு அதிகம் பேசியதில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. பேசத் தொடங்கினால் நாங்கள் இருவருமே அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும், அதனால்தான்.

இப்போது நான் மலையடிவாரத்தில், அரசு ஒதுக்கிய குடியிருப்பில் இருக்கிறேன். நகரத்துக்கு இரண்டரை மணி நேரப் பேருந்து. நாளிதழ் வேலை அந்தத் தூரத்தால் போயிற்று. மாதத்தின் முதல் ஞாயிறு கலைக்கூடத்தில் நுழைவு இலவசம் என்பதால் அன்று போவேன்.

கொடும்பாவிக்குத் தனிக்கூடம். ஏசி குளிர். ஈரம் படாமல் தாள் மொடமொடவென்று காய்ந்து, பெனில்டா இருந்தால் ரசித்திருப்பாள், அவ்வளவு நேர்த்தியாக நிற்கிறது. சுவரில் எழுதியிருக்கிறார்கள்: இதன் வயிற்றில் மக்களின் கனவுகள் உள்ளன. நாங்கள் போட்டது கனவு இல்லை. கீழே காதைப் பற்றி ஒரு பத்தி. மக்களின் குரலைக் கேளாத அதிகாரத்தைக் காட்டவே கலைஞர் இடது காதை வெறும் கம்பியாக விட்டார் என்று.

அங்கே காவலாளி டென்சியோ. நீலச் சீருடை அவனுக்குத் தோளில் பெரிதாக இருக்கிறது.

"அண்ணே, கோட்டுக்கு வெளிய நில்லுங்க. கேமரா பாக்குது."

"மூணு பாயின்ட் கோடாடா?"

"ஆமாண்ணே." சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "எல்லாரும் அந்தக் காதத்தான் போட்டோ எடுக்குறாங்க. எவ்ளோ ஆழமா யோசிச்சிருக்காங்கன்னு பேசிக்கிறாங்க."

"அவளால ஏணி ஏற முடியல."

"எனக்குத் தெரியாதாண்ணே? ஏணியப் பிடிச்சவன் நானு."

ஒரு முறை மிஸ் இலகனைக் கேட்டேன். அரைமணி நேர வேலை, நானே செய்துவிடுகிறேன் என்றேன். காகிதத்தையும் பசையையும் கொண்டுவருகிறேன், அவள் சொல்லிவிட்டுப் போன வேலை என்றேன். அவர் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். கூடத்துக்குள் வந்த பொருளை வந்த நாளில் இருந்தபடியேதான் வைத்திருக்க வேண்டுமாம். அதில் யாருமே கை வைக்கக் கூடாது, அவர்கூட.

பெனில்டாவின் சீட்டு உள்ளேதான் இருக்கிறது. அவள் எதை ஒழிக்கச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. போன ஞாயிறும் போயிருந்தேன். பைக்குள் வழவழப்பில்லாத தாள் கொஞ்சம் வைத்திருந்தேன், பழக்கம்தான். கோட்டுக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்தேன். வலது காது முழுதாக இருக்கிறது. இடது காது கம்பியாகவே இருக்கிறது.